டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்

தெற்கு நோக்கி வரும் காவிரி கிழக்கே திரும்பும் இடத்தில் அமைந்தது எம் ஊராகிய கொடுமுடி. மகுடேசுவரர் கோயிலாலும், 1908-ஆம் ஆண்டில் அங்குப் பிறந்த இசையரசி கே. பி. சுந்தராம்பாள் அம்மையாராலும் அவ்வூரைப் பலர் அறிவர். ஈண்டு யான் எழுதப் புகுந்தது அவ்வூரினர் ஒருவரின் வரலாறன்று. இராணிப்பேட்டையிற் பிறந்து வேலூரில் வாழ்ந்த ஓர் அம்மையாரின் வரலாறு. ஆயினும், அவ்வரலாற்றை யான் கற்க நேர்ந்தது எம் ஊரில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியினாலாதலின், அதனை முதற்கண் சுருங்கக் கூறுவேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது நிரம்பிய காலம். என் சிறிய தாயார் முதற்பேற்றுக்காகத் தாய்வீடு வந்திருந்தார். யாமும் அப்பொழுது பாட்டியார் இல்லத்திலேயே இருந்தோம். ஏழாந்திங்களில் ஒரு நாட் காலை, கோலமிட்டு நிமிர்ந்தவர் தலையைப் பிடித்துக்கொண்டு திண்ணையிற் சாய்ந்தார். சம்மட்டியால் அடித்தாற்போன்ற வலி என்று கூறினார், இருமுறை வாந்தியெடுத்தார். பித்தம் என்றார் பாட்டியார். பிள்ளைத்தாய்ச்சிக்குத் தலைவலி வருவது இயல்பே என்றார் அயலார். சுக்கை உரைத்து நெற்றியிற் பற்றிட்டு, அறையை இருளாக்கிப் படுக்கவைத்தனர். நண்பகலில் அவருடைய இடக்கை தளர்ந்தது. சிறிது நேரத்தில் வலிப்புக் கண்டது. அதன் பின்னரே வண்டி வந்தது. காலை முதல் நண்பகல்வரை கழிந்த அந்த ஆறு மணி நேரத்தை எம் வீட்டார் இன்றும் மறந்திலர்.

மூளையிலே பிறவியிலிருந்தே பின்னிக் கிடந்த இரத்தக் குழாய் ஒன்று வெடித்ததென்று மருத்துவர் கண்டனர். தேங்கிய குருதியை அகற்றினர். தாயும் பிழைத்தார், திங்கள் நிரம்பியபின் சேயும் நலமே பிறந்தது. எஞ்சிய சிகிச்சையின் பொருட்டு அவர் ஈரோடு வழியாகக் காட்பாடி சென்று வேலூர் அடைந்தபொழுது, குழந்தையை ஏந்திச் செல்லும் துணையாக யானும் உடன் சென்றேன். அங்கே காத்திருந்த நாட்களில், அம்மருத்துவமனை எவ்வாறு தோன்றிற்று என்பதைக் கேட்டறிந்தேன். மருத்துவர் வர ஒண்ணாமல் இறந்த மூன்று பிள்ளைத்தாய்ச்சிகளின் மரணத்திலே அது வேர்கொண்டது என்று அறிந்தபோது, என் சிறிய தாயாரின் இருண்ட அறை என் நினைவிற்கு வந்தது. அன்று முதல் ஐடா அம்மையாரின் வரலாறு எனக்கு அயலார் வரலாறாகத் தோன்றவில்லை.

பிறப்பும் இளமையும்

ஐடா சோபியா ஸ்கடர் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையிற் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர், 1819-ஆம் ஆண்டிலே அமெரிக்க நாட்டினின்று இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவ ஊழியம் தொடங்கிப் பின்னர்ச் சென்னைக்கு வந்தவர். அவருடைய புதல்வர் எழுவரும் இந்திய நாட்டில் ஊழியம் புரிந்தனர். அவ்வெழுவருள் ஒருவரே ஐடாவின் தந்தையாராகிய டாக்டர் ஜான் ஸ்கடர். ஆற்காட்டு மிஷனைச் சேர்ந்த மருத்துவர் அவர்.

அத்தகைய குடியிற் பிறந்தமையால் ஐடாவும் பிள்ளைப் பருவந்தொட்டே தொண்டு செய்ய விழைந்தார் என்று நினைப்பது தவறாகும். 1876-ஆம் ஆண்டு முதல் 1878-ஆம் ஆண்டுவரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தை அவர் சிறு பெண்ணாயிருந்து கண்டார். எலும்பும் தோலுமாய் வந்த குழந்தைகளின் வாயில் அப்பத்தைத் துணித்து இட்டதும், வழியோரத்திற் பிணங்கள் கிடந்ததும் அவர் உள்ளத்தில் அச்சமாகவே பதிந்தன. பின்னர் அமெரிக்கா சென்றபொழுது அந்நாட்டின் செழுமை அவர் மனத்தைக் கவர்ந்தது. பெற்றோர் மீண்டும் இந்தியா வந்துவிட, மகள் உறவினர் இல்லத்திலும், மாசசூசெட்ஸ் நாட்டு நார்த்ஃபீல்டு என்னும் ஊரின் கல்விச்சாலையிலும் வளர்ந்தார். இந்தியாவுக்கு ஒருபோதும் ஊழியராகச் செல்வதில்லை என்பது அவருடைய உறுதி. பிரிவின் துயரை இளமையிலேயே உண்ட மகளுக்கு அவ்வுறுதி பிறந்ததில் வியப்பில்லை.

திண்டிவனத்து இரவு

1890-ஆம் ஆண்டில் தாயார் நோயுற்றார் என்ற செய்தி வந்தது. ஐடா திண்டிவனம் வந்து சேர்ந்தார். தாயார் குணமடையும்வரை துணையாயிருந்து திரும்பிச் செல்வதே அவர் எண்ணம். அவ்வாறு இருந்த நாட்களில் ஓர் இரவு, விளக்கின் முன் அமர்ந்திருந்தவரை நாடி ஓர் அந்தணர் வந்தார். இளமனைவி பிரசவ வேதனையில் இருக்கின்றார். மருத்துவிச்சியால் ஆவது ஒன்றுமில்லை. தாங்கள் வந்து காக்க வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். தமக்கு மருத்துவம் தெரியாதென்றும், தம் தந்தையாரே மருத்துவர் என்றும், அவரை அழைத்து வருவதாகவும் ஐடா கூறினார். அயல் ஆடவர் ஒருவர் தம் மனைவியைக் காண்பதற்கு அவ்வந்தணர் இசையவில்லை. வந்தவாறே சென்றார்.

சிறிது நேரத்திற்குப் பின் ஒரு முகம்மதியர் வந்தார். அதே துயரம், அதே வேண்டுகோள், அதே மறுப்பு. தந்தையும் மகளும் ஒருங்கே வருவதாகச் சொல்லியும் பயனில்லை. அதன் பின்னர் மூன்றாமவராக மேற்குலத்து இந்து ஒருவர் வந்தார். அவரும் அவ்வாறே தனியே மீண்டார். அன்றிரவு ஐடா உறங்கவில்லை. பொழுது விடிந்ததும் தெருவிற் சாப்பறை கேட்டது. பணியாளை விடுத்து வினவினார். மூன்று பெண்களும் இறந்தனர் என்ற செய்தி வந்தது.

இந்நிகழ்ச்சியைப் பலரும் அறிவர். இதனிடத்து யான் கருதுவது ஒன்றுண்டு. அம்மூவரும் கொடியவரல்லர், மனைவியின்மேல் அன்பில்லாதவரும் அல்லர். அன்பில்லாதவர் நள்ளிரவில் அயலார் வாயிலை நாடி வருவரோ? வந்த மூவரும் மூன்று சமூகத்தவர். எனினும் மூவரையும் தடுத்தது ஒரே வழக்கம். மருத்துவர் கூப்பிடு தொலைவில் இருந்தார், மருந்தும் இருந்தது. வாயிற்கதவு ஒன்றே அடைபட்டிருந்தது. அக்கதவினுள்ளே செல்லத்தக்க மருத்துவர் ஒரு பெண்ணாகவே இருத்தல் வேண்டும் என்பதை ஐடா உணர்ந்தார். அன்று காலையே பெற்றோரிடம் சென்று, தாம் மருத்துவம் கற்று மீண்டும் இந்நாட்டிற்கே வரப்போவதாகத் தெரிவித்தார்.

ஒரு படுக்கையில் தொடங்கிய தொண்டு

1895-ஆம் ஆண்டில் பிலடெல்பியாவிலிருந்த பெண்கள் மருத்துவக் கலாசாலையிற் சேர்ந்தார். பின்னர் நியூயார்க் நகரத்துக் கார்னெல் மருத்துவக் கலாசாலை பெண்களையும் ஏற்கத் தொடங்கவே அங்குச் சென்று பயின்று, 1899-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அக்கலாசாலையிற் பட்டம் பெற்ற முதற் பெண்கள் கூட்டத்தில் அவரும் ஒருவர். வேலூரிலே பெண்களுக்கென ஒரு மருத்துவமனை கட்டப் பொருள் திரட்டும் பணியும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஷெல் என்னும் வங்கியாளர், காலஞ்சென்ற தம் மனைவியின் நினைவாகப் பதினாயிரம் டாலர் வழங்கினார்.

1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அம்மையார் தம் தோழி ஆனி ஹான்காக் என்பவருடன் வேலூர் வந்து சேர்ந்தார். தந்தையாரிடம் சில ஆண்டுகள் பழகித் தொழில் தேறலாம் என்று எண்ணியிருந்தார். அவ்வாண்டு மே மாதத்திலேயே தந்தையார் இறந்தார். இருபத்தொன்பது வயதில் அம்மையார் தனியராய் நின்றார். இளம்பெண் ஒருவரை மருத்துவராக ஏற்கத் தொடக்கத்தில் மக்கள் தயங்கினர். வீட்டின் ஒரு சிற்றறையில் ஒரே படுக்கை இட்டு அவர் தொழில் தொடங்கினார். நாளடைவில் அத்தயக்கம் நீங்கியது. வாயிலிற் கூட்டம் பெருகிற்று. 1902-ஆம் ஆண்டில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை நாற்பது படுக்கைகளுடன் திறக்கப்பெற்றது.

நோயாளர் தம்மை நாடி வரும்வரை காத்திருத்தல் போதாது என்பதை அம்மையார் விரைவிற் கண்டார். கால்நடையாக வர இயலாதார் கிராமங்களிற் கிடந்து வருந்தினர். ஆதலின், அவரே மருந்துப் பெட்டிகளுடன் குடியாத்தம் செல்லும் சாலையிற் புறப்பட்டார். வழியிலுள்ள மரநிழல்களே மருத்துவச் சாலைகளாயின. புண்ணுக்குக் கட்டுவோரும், கண்ணுக்கு மருந்திடுவோரும், தொழுநோயாளரும் அம்மரங்களின் கீழே காத்திருந்தனர். மாட்டு வண்டியின் வேகத்துக்கு மாற்றாக மோட்டார் வண்டியும் பின்னர் வந்தது. திண்டிவனத்திலே மூடிய கதவுகளைக் கண்டவர், இங்கே கதவே இல்லாத மருத்துவமனையைச் சாலையோரத்தில் அமைத்தார் எனலாம்.

கலாசாலை கண்டமை

ஒருவர் எத்துணை உழைப்பினும் ஒருவரே. இந்நாட்டுப் பெண்களே மருத்துவராகவும் செவிலியராகவும் ஆனாலன்றிப் பிணி தீராது என்பது அம்மையாரின் துணிபு. 1909-ஆம் ஆண்டில் செவிலியர் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். 1918-ஆம் ஆண்டில், ஐரோப்பியப் பெரும்போர் முடியும் முன்னரே, பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். போதிய மாணவியர் கிடைப்பரோ என்று மேலதிகாரிகள் ஐயுற்றனர்; விண்ணப்பங்களோ இடங்களினும் பன்மடங்கு வந்தன. 1922-ஆம் ஆண்டில் முதல் அணி மாணவியர் பதினால்வர் இறுதித் தேர்வுக்குச் சென்றனர், பதினால்வரும் தேறினர். மாகாணம் முழுதும் அச்செய்தியைக் கண்டு வியந்தது.

1928-ஆம் ஆண்டில் பாகாயம் என்னுமிடத்தில் இருநூறு ஏக்கர் நிலத்திலே புதிய கலாசாலைக்குக் கால்கோள் செய்யப்பெற்றது. அதே ஆண்டில் காந்தியடிகளும் அம்மருத்துவப் பள்ளிக்கு வருகை தந்தார்.

அம்மையார் கண்ட சோதனைகளுள் கடினமானது அவருடைய முதுமையிலே வந்தது. 1938-ஆம் ஆண்டளவில், பழைய எல்.எம்.பி. பட்டயப் படிப்பினை ஒழித்து, எம்.பி.பி.எஸ். பட்டப் படிப்பே நடத்தல் வேண்டும் என்று சென்னை அரசாங்கம் விதித்தது. அதற்கு வேண்டிய ஆசிரியரும் கட்டடமும் கருவியும் பள்ளியில் இல்லை. பொருள் தேட எழுபது வயதிலே அமெரிக்கா சென்று ஊர் ஊராய்த் திரிந்தார். அங்கே மற்றொரு வினா எழுந்தது. ஆண் மாணாக்கரையும் சேர்த்துக்கொண்டால் பல மிஷன்களின் உதவி கிடைக்கும். சேர்க்காவிடில் கலாசாலையே மூட நேரும். பெண்களுக்கென்றே பொருள் ஈந்த நெடுநாள் தோழியர் சிலர் அதனை வன்மையாக எதிர்த்தனர். அம்மையாரும் முதலில் தயங்கினார். பெண்களுக்காகவே தொடங்கிய ஒன்றில் ஆடவரைச் சேர்ப்பது தம் வாழ்நாட் பணிக்கு மாறன்றோ?

முடிவில் அவர் இசைந்தார். தம் வழக்கத்தைப் பற்றிக்கொண்டு மனைவியரை இழந்த மூவரைக் கண்டவர், தாம் வகுத்த வழக்கத்தைப் பற்றிக்கொண்டு மருத்துவமனையை இழக்க உடன்படவில்லை. பட்டப் படிப்பு 1942-ஆம் ஆண்டில் தொடங்கியது. 1947-ஆம் ஆண்டில் ஆண் மாணாக்கரும் சேர்ந்தனர். 1946-ஆம் ஆண்டில் அம்மையார் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் தலைமை ஏற்றவர் டாக்டர் ஹில்டா லாசரஸ் என்னும் இந்தியப் பெண்மணியே. அம்மையாரின் கருத்து முற்றுப்பெற்றமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மூளையின் வாய்க்கால்கள்

கதவைத் திறந்தமையால் விளைந்த நன்மைகளுள் ஒன்று என் சிறிய தாயாரின் பிணியோடு நேரே தொடர்புடையது. 1949-ஆம் ஆண்டில், கனடா நாட்டு மாண்ட்ரீல் நகரில் டாக்டர் பென்ஃபீல்டு என்னும் பேரறிஞரிடம் பயின்று திரும்பிய டாக்டர் ஜேக்கப் சாண்டி, வேலூரிலே மூளை அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். இந்திய நாட்டில் இத்தகைய பிரிவு அதுவே முதலாவது. பிரசவ விடுதியும் மூளை மருத்துவமும் ஒரே வளாகத்தில் அமைந்தன. ஐடா அம்மையார் உயிரோடிருந்து அதனைக் கண்டார்.

இவ்விரண்டும் அருகருகே இருப்பதன் பயனை விளக்க எம் ஊரின் வாய்க்காலே போதும். பவானியிற் புறப்படும் காலிங்கராயன் வாய்க்கால் நெடுந்தொலைவு வளைந்து கொடுமுடிப் பக்கம் வந்து முடிகின்றது. பெருவாய்க்காலின் நீர் கிளைக்காலிற் பிரிந்து, மடையிற் குறுகி, பாத்திதோறும் மெல்லப் பரந்து, எஞ்சியது வடிகாலிற் சேரும். மனித உடலிலும் அவ்வாறே. நெஞ்சினின்று விசையோடு வரும் குருதி தமனிகளிற் பாய்ந்து, மயிரினும் நுண்ணிய தந்துகிகளிற் பரந்து வேகம் தணிந்து, பின்னர்ச் சிரைகளின் வழியே மீளும். சிலருக்குக் கருவிலேயே இவ்வமைப்புப் பிழைபட்டு, இடையில் தந்துகிகள் இன்றித் தமனியும் சிரையும் நேரே பின்னிக்கொள்கின்றன. பெருவாய்க்கால் நீரை மடையின்றி வடிகாலிலே திருப்பிவிட்டால் வடிகாலின் மெல்லிய கரை எத்தனை நாள் தாங்கும்? மெல்லிய சிரையும் ஒரு நாள் வெடிக்கின்றது.

இக்குறையுடையாருள் ஆண்டுதோறும் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேருக்குக் குருதி கசியும் என்பது மருத்துவர் கணக்கு. பலர் குறையிருப்பதை அறியாமலே வாழ்வர். கருவுற்ற காலத்திலோ உடலின் குருதி நூற்றுக்கு நாற்பது முதல் ஐம்பது பங்கு மிகுகின்றது; நெஞ்சின் உழைப்பும் மிகுகின்றது. அக்காலத்தில் மூளையிற் குருதி கசிந்தால் தோன்றும் அடையாளங்கள் திடீரென்ற கடுந்தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒருபக்கத் தளர்ச்சி, பேச்சுக் குழறல், நினைவு மயக்கம் என்பன. வலிப்பைக் கண்டவுடன் குருதியழுத்தத்தால் வரும் சூல்வலிப்பு என்றே எண்ணத் தோன்றும். இரண்டும் உயிர்க்கு இடரே. சிகிச்சையோ வேறு வேறு. தலையைப் படமெடுத்துப் பார்த்தே வேற்றுமை காணல் வேண்டும். படமெடுத்தலாற் கருவிற்குத் தீங்கு நேருமென்று அஞ்சித் தாமதித்தலே பெருந்தீங்கு. தலையை மட்டும் எடுக்கும் படத்தில் கருவைச் சேரும் கதிர் மிகச் சிறிது.

மூளைக் குழாய்களின் உருவைப் படமாக்கும் முறையைப் போர்த்துகல் நாட்டு மோனிஸ் என்பவர் 1927-ஆம் ஆண்டிலே கண்டார். சி.டி. என்னும் படக்கருவி 1971-ஆம் ஆண்டில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்பட்டது. இன்று பின்னிய குழாயை அறுத்தெடுத்தலும், உள்ளிருந்தே பசைபோன்ற மருந்தால் அடைத்தலும், கதிரால் சுருங்கச் செய்தலும் ஆகிய வழிகள் உள்ளன. தாயின் உயிரே முதலில் காக்கத்தக்கது. குழந்தை வளர்ந்த நிலையை நோக்கிப் பேற்றின் காலத்தையும் வகையையும் மூளை மருத்துவரும் மகப்பேற்று மருத்துவரும் மயக்க மருத்துவரும் கூடி முடிவு செய்வர். அவர் மூவரும் ஒருவரையொருவர் கூப்பிடும் தொலைவில் இருந்தால் எத்துணை நன்மை!

முடிவுரை

ஐடா அம்மையார் தம் இறுதி நாட்களைக் கொடைக்கானல் மலையிற் கழித்து, 1960-ஆம் ஆண்டு மே மாதத்தில் எண்பத்தொன்பதாம் வயதில் இறைவன் அடி சேர்ந்தார். மணம் புரிந்திலர், ஆயினும் அவர் கையிற் பிறந்த குழந்தைகள் பல்லாயிரவர்.

இன்று நம் நாட்டு நிலை பெரிதும் மாறியுள்ளது. 2018-ஆம் ஆண்டு முதல் 2020-ஆம் ஆண்டுவரை எடுத்த அரசாங்கக் கணக்கின்படி, ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு இறந்த தாய்மார் இந்திய நாடு முழுவதிலும் 97 பேர். தமிழ்நாட்டில் 54 பேர். ஆடவர் மருத்துவர் ஆயினும் பெண் மருத்துவர் ஆயினும் இன்று எவரும் வாயிலை அடைப்பதில்லை. 108 என்று அழைத்தால் வண்டி வருகின்றது. ஆனாலும் அந்த 54 என்பது வெறும் எண்ணன்று. ஒவ்வொன்றும் ஒரு வீடு.

எம் பாட்டியார் அன்பில் எவர்க்கும் குறைந்தவரல்லர். மகளின் நெற்றியிற் பற்றிட்ட அவர் கை நடுங்கியதை யான் கண்டேன். திண்டிவனத்திற்கு வந்த அம்மூவரைப்போலவே அவரும் தாம் அறிந்த வழக்கத்தை நம்பினார். கருவுற்றாளுக்குத் தலைவலி இயல்பே என்னும் அச்சொல்லே எம் வீட்டின் கதவாயிற்று. இன்று அவரே தெருவில் எந்தப் பிள்ளைத்தாய்ச்சி தலைவலி என்றாலும், திடீரென வந்ததோ, வாந்தி உண்டோ, கண் மங்குகின்றதோ என்று வினவி, ஐயம் தோன்றின் உடனே வண்டியை அழைக்கச் சொல்கின்றார். படிப்பறியாத அம்முதியவர் எம் தெருவிற் செய்யும் இத்தொண்டும் ஐடா அம்மையார் தொடங்கிய தொண்டின் ஒரு கிளைக்கால் என்றே யான் கருதுகின்றேன்.

என் சிறிய தாயாரின் இடக்கை இன்னும் முழுவலிமை பெறவில்லை. குடத்தை வலக்கையாலேயே எடுக்கின்றார். அன்று கருவிலிருந்த சிறுமி இன்று பள்ளி செல்கின்றாள். கல்லூரித் தோழர்காள், விடுமுறைக்கு நாம் ஒவ்வொருவரும் நம் ஊருக்குச் செல்வோம். அங்கே நம் சொல்லுக்கும் ஒரு மதிப்பு உண்டு. மருத்துவர் ஆகும் பேறு நம்மிற் சிலர்க்கே வாய்க்கும். அடைபட்ட கதவு ஒன்றைத் திறக்கும் பேறோ எல்லார்க்கும் உரியது. அதனைச் செய்வோமாக.